ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அனாமலி!

ட்ர்ர்ர்ர்...!

குளியலறைக்கு வெளியே செல்போன் அலறியது.

பாதிச் சவரத்தோடு ஓடி வந்தான் அவன். ஒரு கன்னத்தில் நுரை. இன்னொரு கன்னத்தில் பதற்றம்.

அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆபீஸில் யாருக்கும் அது ஞாபகமில்லை. 'ரேடார்' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். தரையைத் தோண்டாமலே, மேலே ஒரு கருவியைத் தள்ளுவண்டி போல உருட்டி, அடியில் என்ன புதைந்து கிடக்கிறது என்று சொல்கிற உத்தியோகம்.

"சார்! நீங்களா! காலையிலேர்ந்து ஏழெட்டு தடவை கூப்பிட்டேன் சார்!"

பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினான். சாத்தியதாக நினைத்துக்கொண்டான்.

"ஆமா சார்... அனாமலி அங்கதான் கெடக்கு. ஒன்றரை மீட்டர் ஆழத்துல. துளிக்கூட சந்தேகமில்ல!"

எதிர்முனை ஏதோ கேட்டது.

"இல்ல சார், வெளியில யாருக்கும் தெரியாது. கான்ட்ராக்டருக்கு மட்டும்தான் தெரியும். மதியம் லாரி வருது... மேல கான்க்ரீட்டைக் கொட்டிட்டா முடிஞ்சுது கதை! அப்புறம் எந்தக் கொம்பனாலயும் கண்டுபிடிக்க முடியாது!"

ட்ணங்!

திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது.

மாமியார்!

மகள் வீட்டுக்குப் போன வாரம் வந்தவர். டி.வி.யில் வருகிற குற்றத் தொடர் ஒன்று விடாமல் பார்த்துத் தேறிய காது. அந்தக் காதில் இப்போது ஒரே ஒரு பெயர்தான் ரீங்கரித்தது.

அனாமலி... யார் அந்த அனாமலி?

'லி'யில் முடிகிற பெயர் உள்ளவள் எவளும் ஒரு குடும்பத்தை உருப்பட விட்டதில்லை என்பது அந்த அம்மாளின் திடமான அபிப்பிராயம். ஆனால் அவளைக் கொன்று, புதைத்து, மேலே கான்க்ரீட்டும் கொட்டுவதென்றால்... அது கொஞ்சம் அதிகமல்லவா?

போலீஸுக்கு டயல் செய்தார்.

நீங்களும் அந்த அம்மாளைப் போல அவசரப்பட்டு விடாதீர்கள்! அனாமலி பெண்ணல்ல. மனுஷ ஜென்மமே அல்ல.

ரேடார் அலையை மண்ணுக்குள் அனுப்புகிறார்கள். அது கீழே போய் முட்டித் திரும்புகிறது. ஒரே மாதிரியான மண் என்றால் திரையில் ஒரே மாதிரிக் கோடு. நடுவே சுவரோ, குழியோ, பொந்தோ இருந்தால் கோடு வளையும், உடையும், முரண்டு பிடிக்கும். அந்த முரண்டுக்குத்தான் அவர்கள் தொழிலில் அனாமலி என்று பெயர். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வார்கள்.

பழைய பஸ் டிப்போவுக்குப் பின்னாலிருந்த காலி மனையில், மண் கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் ரேடாரைக் கூப்பிட்டிருந்தார் கான்ட்ராக்டர். அடுக்குமாடி கார் பார்க்கிங் வரப்போகிற இடம். போனவனுக்குத் திரையில் தெரிந்தது சுவர்! நேராக ஓடி, மூலையில் திரும்பி, மறுபடி ஓடுகிற சுவர். யாரோ எப்போதோ வாழ்ந்த கட்டடம்.

"உன்னைக் கூப்பிட்டது மண்ணு கெட்டியான்னு பார்க்க. கதை சொல்ல இல்ல!" என்று சொல்லிவிட்டார் கான்ட்ராக்டர்.

தோண்டிப் பார்க்கத் தொல்பொருள் துறை டைரக்டரின் அனுமதி வேண்டும். இப்போது போனில் பேசியவர் அவர்தான். என்ன சொன்னார் தெரியுமா?

"திங்கட்கிழமை பார்க்கலாம்ப்பா!"

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மதியம் கான்க்ரீட். ரேடார் பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி நின்றான். அழுகை வந்தது. அழுதால் நுரை வாயில் இறங்கும் என்று அடக்கிக்கொண்டான்.

டிங் டாங்!

கதவைத் திறந்தால்... இன்ஸ்பெக்டர்!

*

இன்ஸ்பெக்டரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஸ்டேஷனுக்கு வந்த நாளாக அவருக்குக் கிடைத்ததெல்லாம் தண்ணீர்க் குழாய்த் திருட்டும், பக்கத்து வீட்டு நாய்ப் புகாரும்தான். கொலை என்று ஒன்றைக் கண்ணால் பார்க்காமலே ரிட்டயர் ஆகிவிடுவோமோ என்ற ஏக்கத்தில் பாதி உடம்பு இளைத்திருந்தார். மீதி பாதியே ஜீப்பின் முன் ஸீட்டை நிறைத்தது.

ஸ்டேஷன் அறை. கறகறவென்று சுற்றும் ஃபேன். கால் ஆடுகிற மேசை. எதிரே ரேடார், அரைச் சவரத்தில்.

"நேரா விஷயத்துக்கு வர்றேன். அனாமலியை உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

ரேடாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உலகத்திலேயே முதல்முறையாக ஒருவர், தானாக, அனாமலியைப் பற்றி விசாரிக்கிறார்! டைரக்டர்தான் மனம் மாறிப் போலீஸை அனுப்பியிருக்கிறார் போல!

"போன செவ்வாய்க்கிழமைதான் சார் முதல்ல பார்த்தேன். பார்த்த உடனே ஆடிப்போயிட்டேன்!"

"எங்க பார்த்தே?"

"டிப்போ பின்னாடி, காலி மனையில."

"கூட யாரு?"

"யாருமில்ல சார். நானும் அதுவும் மட்டும்தான்."

டமால்! மேசையில் குத்தினார் இன்ஸ்பெக்டர்.

"அது இதுன்னு பேசாதே! மரியாதை வேணாம்?"

ரேடார் புல்லரித்துப் போனான். புதையுண்ட ஒரு சுவருக்கு இவ்வளவு மரியாதையா! இந்த ஊர் உருப்பட்டுவிடும்!

"மன்னிச்சுக்குங்க சார். அவங்க... அவங்க நல்ல நீளம். ஒரு பக்கம் அழகான வளைவு..."

"போதும்! வர்ணிக்காதே!"

"எழுதிக்கவா சார்?" என்றார் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கான்ஸ்டபிள் ஆவலாக.

"எழுதுய்யா! வளைவை மட்டும் விட்டுடு. ஆமா... உன் பெல்ட் எங்க? பேன்ட்டைக் கயித்தால கட்டியிருக்கே?"

"அவங்ககிட்டப் போகும்போது பெல்ட் கூடாது சார். வாட்ச் கூடாது. உடம்புல இரும்பு, தகரம் எதுவுமே இருக்கக் கூடாது."

அவன் சொன்னது காந்தமானியை. மண்ணின் காந்த சக்தியை அளக்கிற இன்னொரு கருவி. பேன்ட் ஜிப்பைக்கூடப் புதையல் என்று நினைத்துக்கொள்ளும்! ஆனால் அறையில் காந்தமானி என்ற சொல்லே எழவில்லை.

இன்ஸ்பெக்டரின் குரல் கிசுகிசுப்பானது.

"விரல்ல மோதிரத்தையும் காணோம்..."

"கல்யாண மோதிரமா? அதைத்தான் சார் முதல் வேலையாக் கழட்டி வெச்சிடுவேன்!"

கான்ஸ்டபிள் "சீ..." என்றார்.

"அப்புறம்? என்ன பண்ணே? மறைக்காம சொல்லு!"

"வண்டியை மேல ஏத்தினேன் சார்."

"என்ன?!"

"முதல்ல நீளவாக்குல ஏத்தினேன். அப்புறம் குறுக்குவாக்குல. திரும்பத் திரும்ப, மெதுவா..."

"பாவி! ஒரு தடவை போதாதா?"

"ஒரு தடவை ஏத்தினா எதையும் உறுதியா சொல்ல முடியாதுங்களே!"

இன்ஸ்பெக்டர் எழுந்தார். நாற்காலியும் அவரோடு எழுந்து, யோசித்துவிட்டுக் கீழே விழுந்தது.

"அடப் படுபாவி! கொலைகாரா! அந்தப் பொண்ணு அனாமலி உனக்கு என்னய்யா கெடுதல் பண்ணா? வண்டியேத்திக் கொன்னு, ஒன்றரை மீட்டர் ஆழத்துல புதைச்சு, இன்னிக்கு கான்க்ரீட் வேற கொட்டப் போறியாமே! உன் மாமியார் எல்லாத்தையும் சொல்லிட்டாங்க!"

கறகற... கறகற...

ஃபேன் மட்டும் சுற்றியது.

ரேடாரின் மூளையில் ஒவ்வொரு நட்டாகக் கழன்றது. பொண்ணு... கொலை... அத்தை...

ஐயோ!

சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். 'சார், அனாமலின்னா...' என்று ஆரம்பிக்க வேண்டியதுதான். எல்லாரும் சிரிப்பார்கள். வீட்டுக்குப் போய் மீதிக் கன்னத்தைச் சிரைத்துக்கொள்ளலாம்.

மதியம் கான்க்ரீட் விழும்.

திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

போலீஸ் தோண்டுவதற்கு எந்த டைரக்டரின் அனுமதியும் வேண்டாம்! திங்கட்கிழமை வேண்டாம்! பிணம் இருக்கிறது என்று சொன்னால் போதும், இப்போதே தோண்டுவார்கள். அந்தச் சுவரைத் தன் கண்ணால், ஒரே ஒரு முறை, நிஜமாகப் பார்க்கலாம். பொய் சொல்லாத மனிதன் அவன். பயமாகத்தான் இருந்தது.

"என்னய்யா முழிக்கிறே? சொல்லு!"

ரேடார் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆமா சார்... அனாமலியைக் கொன்னது நான்தான்!"

அந்த நேரம் பார்த்துக் கதவு படாரென்று திறந்தது.

மாமியார்! அவருக்குப் பின்னால் மூச்சிரைக்க அவன் மனைவி. கல்லூரியில் ஆய்வுக்கூட வேலை. அனாமலி என்றால் என்ன என்று அவளுக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். போதாத காலம்!

"இன்ஸ்பெக்டர் சார்! எங்கம்மாவுக்குக் காது ஒண்ணும் சரியில்ல! அனாமலிங்கறது..."

ரேடார் கண்ணைக் காட்டினான். புருவத்தைத் தூக்கினான். காதை ஆட்ட வருமென்றால் அதையும் ஆட்டியிருப்பான்.

மனைவி நின்றாள். கணவனைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வாரம் முழுக்கச் சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் அவன் புலம்பியதெல்லாம் ஞாபகம் வந்தது. விளங்கிவிட்டது!

"அனாமலிங்கறது... சார்... அனாமலிங்கறது..." உதடு துடித்தது. "என் உயிர்த் தோழி சார்!"

ஓவென்று ஒப்பாரி.

"அடியே! உனக்கு அவளைத் தெரியுமா?" மாமியார் ஆடிப்போனார்.

"ஒண்ணாப் படிச்சோம்மா! தங்கமான பொண்ணு! ஒரு ஈ எறும்புக்குத் துரோகம் நினைக்க மாட்டா! எங்கங்க புதைச்சீங்க அவளை? சொல்லுங்க! உடனே தோண்டச் சொல்லுங்க சார்! மதியத்துக்குள்ள தோண்டுங்க!"

"மதியத்துக்குள்ள ஏன்மா?"

"அவளுக்கு... அவளுக்கு சாயங்காலம்னா ஆகாது சார்!"

கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டாள். ஆனால் இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே தொப்பியை மாட்டிக்கொண்டு ஜீப்பை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

*

காலி மனை. மூன்று கான்க்ரீட் லாரிகள் வரிசையாக நின்றன. முதுகில் டிரம்கள் மெல்லச் சுழன்றன.

"யாரைக் கேட்டுய்யா எடத்துக்குள்ள வர்றீங்க?" பாய்ந்து வந்தார் கான்ட்ராக்டர்.

"தள்ளுய்யா! கீழ பிணம் இருக்கு!"

"பிணமா? இவனா சொன்னான்? சார், இவன் எதைப் பார்த்தாலும் கீழ ஏதோ இருக்குன்னுதான் சொல்வான்! என் ஆபீஸ் தரையைப் பார்த்தே சொன்னான் சார்!"

"உங்க ஆபீஸ்ல இருக்கறது சாக்கடைப் பைப்பு," என்றான் ரேடார்.

இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார்.

"பொக்லைனைக் கொண்டாங்கய்யா! ஒரே வாரு!"

"ஐயோ சார், வேணாம்!" ரேடார் குறுக்கே விழுந்தான். "பொக்லைன் விட்டா எல்லாம் நொறுங்கிடும்! கைக் கரண்டியால, மெல்லிசா, அடுக்கு அடுக்கா எடுக்கணும்! ஒவ்வொரு அடுக்கையும் ஃபோட்டோ எடுக்கணும்! மண்ணை சலிக்கணும்!"

"ஏன்யா, கொலைகாரனே தடயத்தைக் காப்பாத்தச் சொல்லிக் கெஞ்சுறதை என் சர்வீஸ்ல இப்பத்தான்யா பார்க்கறேன்!"

"அவர் சொல்றதுதான் சரி." பின்னால் வந்து நின்ற போலீஸ் வேனிலிருந்து வெள்ளை அங்கியில் ஒரு பெண்மணி இறங்கினார். தடயவியல் நிபுணர். "எங்க முறையும் அதேதான். கரண்டி, பிரஷ், சல்லடை. ஆரம்பிங்க."

கான்ஸ்டபிள்கள் வரிசையாகக் குந்தினார்கள். சரக்... சரக்... மேலே நிரப்பு மண். ரேடார் கைவிலங்கோடு ஓரத்தில் நின்று உத்தரவு போட்டான்.

"அண்ணே, அந்த ஓரத்தைச் சீவாதீங்க! மண்ணோட நிறம் மாறுது பாருங்க! பிரஷ்... பிரஷ் எடுங்கண்ணே!"

"கொன்னவன் நம்மளை வேலை வாங்கறான்," என்று முணுமுணுத்தார் ஒரு கான்ஸ்டபிள். ஆனாலும் பிரஷ்ஷை எடுத்தார்.

லாரி டிரைவர் இறங்கி வந்து கான்ட்ராக்டர் காதில் ஏதோ சொன்னார். கான்ட்ராக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சார்! இன்னும் கொஞ்ச நேரம் போனா சரக்கு டிரம்முக்குள்ளயே இறுகிடும் சார்!"

"இறுகட்டும்!"

அப்போது...

டக்!

கரண்டி எதிலோ முட்டியது. பிரஷ் மண்ணைத் துடைத்தது. சிவப்பாக ஒரு செங்கல். இக்காலத்துச் செங்கல்லைப் போல இரண்டு பங்கு அகலம். பக்கத்தில் இன்னொன்று. அதையடுத்து இன்னொன்று. நேராக ஓடி... மூலையில் திரும்பியது.

திரையில் பார்த்தானே, அதே வளைவு. அதே ஆழம்.

ரேடார் குழந்தை மாதிரி விசும்பினான். மனைவி ஓடி வந்து அவன் தோளைப் பற்றிக்கொண்டாள். இந்தத் தடவை அவள் கண்ணிலும் நிஜக் கண்ணீர்.

"பாவம், செஞ்ச தப்பு உறுத்துது," என்றார் மாமியார். "எவ்வளவு பெரிய செங்கல்லை வெச்சுப் புதைச்சிருக்கார் பாருங்க சார்!"

"மேடம்!" ஒரு கான்ஸ்டபிள் குழியின் மூலையிலிருந்து அலறினார். "இங்க... எலும்பு!"

ரேடாரின் அழுகை சட்டென நின்றது.

எலும்பா? அவன் பார்த்தது சுவரைத்தானே! எலும்பு அவன் கணக்கிலேயே இல்லையே!

தடயவியல் அம்மாள் குனிந்தார். இடுப்பெலும்பைத் தடவினார். பல்லைப் பார்த்தார்.

"பெண்தான்."

"அனாமலி!" இன்ஸ்பெக்டர் துள்ளினார். "மாட்டினியா!"

மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணவனின் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"என்னங்க இது... நிஜமாவே ஒருத்தி இருக்கா?"

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா!"

"வயசு என்ன மேடம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சாகும்போது ஒரு இருபத்தஞ்சு இருக்கும். செத்து ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆகுது."

"ஆக மொத்தம் ஆயிரத்து இருபத்தஞ்சு. எழுதுய்யா." எழுதச் சொல்லிவிட்டுத்தான் இன்ஸ்பெக்டரின் காதில் அது ஏறியது. "என்னது? ஆயிரம் வருஷமா? யோவ்! அப்ப செத்தவளை நீ எப்படிய்யா போன வாரம் கொன்னே?"

இனி மறைத்துப் பயனில்லை. ரேடார் சொன்னான். அலை, கோடு, வளைவு, அனாமலி, திங்கட்கிழமை, எல்லாம் சொன்னான். சொல்லச் சொல்ல இன்ஸ்பெக்டரின் முகம் காற்றுப் போன டயராகத் தளர்ந்தது.

"அப்ப... கொலையே இல்லையா?"

"மன்னிச்சிடுங்க சார்."

"என் முதல் கொலைக் கேஸ்யா அது!" குரல் உடைந்தது. "வீட்டுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன்யா! பொய் வாக்குமூலம் கொடுத்ததுக்கு உன்னை உள்ள வெக்கறேனா இல்லையான்னு பாரு!"

"எவனை வேணா எங்க வேணா வைங்க சார்!" கான்ட்ராக்டர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். "போலீஸ் கேஸ் இல்லேல்ல? பழைய எலும்புதானே? டேய், வண்டியைப் பின்னாடி எடு! ஊத்துடா!"

லாரி உறுமிக்கொண்டு பின்னால் வந்தது. சரிவுத் தகரம் குழியின் மேல் நீண்டது. சாம்பல் நிறக் கூழ் விளிம்புக்கு வந்துவிட்டது...

ரேடார் யோசிக்கவேயில்லை. கைவிலங்கோடு குழிக்குள் குதித்தான். சுவரோரமாக, அந்த எலும்புக்கு அரணாகக் குறுக்கே நின்றுகொண்டான்.

"ஊத்துங்க! என் தலை மேல ஊத்துங்க!"

"அவருக்கு முன்னாடி என் மேல ஊத்துங்க!" மனைவியும் குதித்தாள்.

"மாப்பிள்ளை! சட்டை பாழாயிடும்! ஏறி வாங்க!" மாமியார் மேலிருந்து கூவினார்.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க!"

தடயவியல் அம்மாளின் குரல். அந்தக் களேபரத்திலும் அவர் மண்டையோட்டைப் பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டேதான் இருந்தார். பின்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினார்.

"இன்ஸ்பெக்டர்... இங்க பாருங்க. பின்னாலேர்ந்து ஒரே வெட்டு. கூர்மையான ஆயுதம். இது தானாச் செத்த ஆளில்ல."

இன்ஸ்பெக்டரின் மீசை ஒரு முடியாக நிமிர்ந்தது.

"கொலையா மேடம்?"

"சந்தேகமே இல்லாத கொலை."

"லாரியை நிறுத்துடா!"

அந்தச் சத்தத்தில் டிரம்மே ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரி செய்தார். வயிற்றை உள்ளே இழுத்தார். பத்து வயது குறைந்திருந்தார்.

"எடத்துக்கு சீல் வை! சுத்தி ரிப்பன் கட்டு! ரெண்டு பேர் காவலுக்கு நில்லுங்க! யோவ் ரேடார், வெளிய வா. இந்தக் கொலை நடந்தப்ப நீ எங்க இருந்தே?"

"பொறக்கவே இல்லை சார்!"

"சரி, நம்பறேன். ஊரை விட்டு மட்டும் போகாதே. பூமிக்குள்ள இன்னும் எத்தனை கேஸ் தூங்குதோ... நீதான் காட்டிக் கொடுக்கணும்."

விலங்கு கழன்றது. ரேடாரின் மனைவி அவன் கன்னத்து மண்ணைத் துடைத்துவிட்டாள். அவன் சுவரை ஒரு முறை தொட்டுப் பார்த்தான். சில்லென்றிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்பதை அவனால் நம்ப முடியவில்லை.

கான்ட்ராக்டர் மட்டும் விடவில்லை.

"சார், நியாயமாப் பேசுங்க! கொன்னவனும் செத்து ஆயிரம் வருஷம் ஆகியிருக்குமே சார்!"

"டெத் சர்டிஃபிகேட் இருக்கா?"

"சார்...?"

"இல்லேல்ல? அப்ப தலைமறைவு! ஆள் பிடிபடற வரைக்கும் இங்க ஒரு பிடி மண்ணைத் தொடக் கூடாது!"

"அவன் எப்ப சார் பிடிபடுவான்?" கான்ட்ராக்டர் கிட்டத்தட்ட அழுதுவிட்டார். "நான் எப்ப சார் பார்க்கிங் கட்டறது?"

இன்ஸ்பெக்டர் குழிக்குள் கிடந்தவளை ஒரு தரம் பரிவோடு பார்த்தார்.

"வெட்டுப்பட்டவளே ஆயிரம் வருஷமா வாயைத் திறக்காமப் பொறுமையாப் படுத்திருக்கா... கார் நிறுத்தறதுக்கு உனக்கு என்னய்யா இவ்வளவு அவசரம்?"